வெட்டியது யார்? நீண்ட உரையை எக்செல் செல்லுக்குள் இறக்கும் கருவிகள்: ஒரு மதிப்புரை

எலக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு பக்கம் சப்போர்ட் டீம்களில் இருக்கும் நம்மவர்களுக்கு இது பழகிப்போன வேலை. டேட்டாபேஸில் 'புகார் விவரம்' என்று ஒரு ஃபீல்டு. வாடிக்கையாளர் அனுப்பிய மெயில், அதற்குப் போன பதில், பதிலுக்கு வந்த பதில் என எல்லாம் அதில் அடுக்கடுக்காகக் குவிந்திருக்கும். தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் ஒரே புகாரில் கலந்து வரும். "எல்லாத்தையும் ஒரு எக்செல்ல போட்டு அனுப்பிடுங்க" என்று மேலிடத்திலிருந்து ஒரு வரி வரும். ஃபைல் தயாராகும், வரிசைகளின் எண்ணிக்கை ஒத்துப்போகும், அனுப்பியும் ஆயிற்று. நடுவில் எங்கோ ஒரு புகார் பாதி வாக்கியத்தில் நிற்பது ஆடிட்டர் கண்ணில்தான் முதலில் படும்.

இந்த மதிப்புரையில் கருவிகளின் அழகையோ வேகத்தையோ பார்க்கவில்லை. கேட்டது ஒரே கேள்வி: உரை கொள்ளாமல் போனால் கருவி அதைச் சொல்கிறதா, சொல்லாமல் வெட்டிவிடுகிறதா? முரண்டு பிடித்து நின்றுவிடும் கருவிகூடப் பரவாயில்லை. சிரித்த முகத்தோடு பாதியை விழுங்குவதுதான் ஆபத்து.

முதலில் எண்ணைப் பாருங்கள்

உரை எந்த இடத்தில் நின்றது என்று எண்ணிப் பார்த்தாலே பெரும்பாலும் வெட்டியவர் யார் என்று தெரிந்துவிடும். ஒவ்வொருவர் கத்திக்கும் ஓர் அளவு உண்டு.

80-இல் நின்றால் ஆரக்கிள் டேட்டாபேஸின் கமாண்ட் லைன் கருவியான எஸ்க்யூஎல் பிளஸ். 'செட் லாங்' என்ற செட்டிங்கின் டீஃபால்ட் 80 என்பதால் கிளாப் என்ற நீண்ட உரை ஃபீல்டில் முதல் 80 மட்டும் வரும். 255-இல் நின்றால் மைக்ரோசாஃப்டின் ஆக்சஸ் டேட்டாபேஸ், அல்லது எக்செல் ஃபைலைப் படிக்கும் ஏஸ் டிரைவர். 256 என்றால் எஸ்எஸ்எம்எஸ்ஸில் (எஸ்க்யூஎல் சர்வரைக் கையாளும் மைக்ரோசாஃப்ட் கருவி) 'ரிசல்ட்ஸ் டு டெக்ஸ்ட்' முறையில் எடுத்திருக்கிறீர்கள், அல்லது அதே சர்வரின் கமாண்ட் லைன் கருவியான எஸ்க்யூஎல்சிஎம்டியில் சின்ன ஒய் ஆப்ஷன் கொடுக்காமல் ஓட்டியிருக்கிறீர்கள். 1,024 என்றால் பல வரிசைகளை ஒன்றாக ஒட்டும் மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷனான குரூப் கன்கேட். அதன் டீஃபால்ட் உச்சம் 1,024 பைட். 4,000-இல் நின்றால் எஸ்க்யூஎல் சர்வரில் என்வார்சார் (யூனிகோடு) உரைகளை ஒட்டும்போது எதையும் 'மேக்ஸ்' (மிக நீண்ட உரை) வகை ஆக்காமல் விட்டிருக்கிறீர்கள். 32,767 எக்செலே. 65,535 என்றால் ஒன்று மைஎஸ்க்யூஎல்லின் டெக்ஸ்ட் ஃபீல்டு ஆரம்பத்திலேயே அவ்வளவுதான் வாங்கியிருக்கும், அல்லது எஸ்எஸ்எம்எஸ்ஸில் விடை தெரியும் கட்டமான கிரிட் அங்கே நிறுத்தியிருக்கும்.

இதில் தமிழ் நுழையும்போது ஒரு வேடிக்கை நடக்கிறது, நல்லதும் கெட்டதுமாக. எக்செலின் 32,767 வரம்பு நாம் எண்ணும் எழுத்துக் கணக்கு அல்ல. 'தொலைபேசி' நமக்கு நான்கு எழுத்து. எக்செலின் லென் ஃபங்ஷனுக்கு எட்டு, ஏனென்றால் த, ஒகரக் குறி, ல, ஐகாரக் குறி என்று உயிர்க்குறிகளைத் தனித்தனியாக எண்ணும். யூடிஎஃப்-8 சேமிப்பில் அதே சொல் 24 பைட், ஒரு குறிக்கு மூன்று வீதம். கன்னடத்துக்கும் இந்திக்கும் இதே கணக்கு. ஆகவே மைஎஸ்க்யூஎல்லில் 65,535 பைட் கொள்ளும் டெக்ஸ்ட் ஃபீல்டில் முழுக்கத் தமிழ் இருந்தால் 21,845 குறிகள்தான் கொள்ளும். எக்செல் செல்லுக்குள் தாராளமாக அடங்கிவிடும். அதே ஃபீல்டில் ஆங்கில மெயில் நிரம்பியிருந்தால் ஏறத்தாழ இரண்டு செல் தேவை. "தமிழ்ப் புகார் எல்லாம் சரியா வருது, இங்கிலீஷ்தான் வெட்டுது" என்று யாராவது சொன்னால் சிரிக்க வேண்டாம், காரணம் இதுதான். மீடியம்டெக்ஸ்ட், லாங்டெக்ஸ்ட் என்ற இன்னும் பெரிய ஃபீல்டுகளில் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஆரக்கிளில் இது நேர் எதிராகத் திரும்பும். கிளாப்பில் இருந்து துண்டெடுக்கும் டிபிஎம்எஸ்_லாப் சப்ஸ்டர் ஃபங்ஷன் வழியாக 4,000 எடுக்கச் சொன்னால் ஆங்கிலத்துக்கு ஓடும். தமிழுக்கு 'பஃபர் போதவில்லை' என்று ஓரா-06502 பிழை வரும். அங்கே வெளியே வரும் உரைக்கு வழக்கமான வரம்பு 4,000 பைட். தமிழில் அது 1,333 குறிகள்தான். 1,300 வீதம் துண்டு போட்டால் பிழைப்பீர்கள். ஆனால் இது பிழை காட்டி நிற்கிறது பாருங்கள், அதற்காகவே ஒரு மார்க்.

சோதனை வரிசை செய்யும் முறை

எந்தக் கருவியையும் நம்புவதற்கு முன் ஒரு சின்ன டேபிள் போடுங்கள். 'க' என்ற எழுத்தைத் திரும்பத் திரும்ப வைத்து, கடைசியில் ஒரே ஓர் ஆய்தம். நீளங்கள் 256, 1,025, 8,001, 32,767, 32,768, 50,001, 65,536 என்று ஏழு வரிசை. எக்ஸ்போர்ட் செய்தபின் எக்செலில் ரைட் ஃபங்ஷன் போட்டுக் கடைசிக் குறியை எடுங்கள். ஆய்தம் வந்தால் முழுசாக வந்தது, 'க' வந்தால் வெட்டு விழுந்தது. மைஎஸ்க்யூஎல்லில் ரிபீட் ஃபங்ஷன் போதும், ஃபீல்டு மட்டும் மீடியம்டெக்ஸ்ட்டாக இருக்க வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரில் அதே வேலை செய்யும் ரெப்ளிகேட்டுக்குக் கொடுக்கும் எழுத்தை என்வார்சார் மேக்ஸ் ஆக்கிக் கொடுக்காவிட்டால் 4,000-உடன் நிறுத்திவிடும்; சோதனைப் பொருளே குறைப்பிரசவமாகிப் போகும். மேற்கோளுக்கு முன்னால் பெரிய 'என்' போடாமல் தமிழ் எழுதினால் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும், அதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

எஸ்எஸ்எம்எஸ்

இலவசம், விண்டோஸில் மட்டும் ஓடும், எஸ்க்யூஎல் சர்வர் இருக்கும் ஆபீஸ்களில் எல்லா மெஷினிலும் இருக்கும். இங்கே சிக்கல் நீளத்தைவிட என்டர் கீயில்தான். கிரிட்டில் காப்பி செய்து எக்செலில் ஒட்டினால், டீஃபால்ட்டாக வரி முறிவுகள் எல்லாம் இடைவெளியாகிவிடும். பத்துப் பத்தி மெயில் ஒரே மூச்சில் ஓடும் நீளமான கயிறாக வரும். ஆப்ஷன்ஸில் 'ரிடெய்ன் சிஆர்/எல்எஃப் ஆன் காப்பி ஆர் சேவ்' என்பதை டிக் செய்யலாம். டிக் செய்தபின் புது க்வெரி விண்டோ திறக்க வேண்டும், பழைய விண்டோவுக்கு அது போய்ச்சேராது. ஆனால் டிக் செய்துவிட்டுக் காப்பி-பேஸ்ட் செய்தால் இன்னும் மோசம்: ஒவ்வொரு என்டரும் எக்செலில் தனி வரிசையாக உடையும், 200 புகார் 3,000 வரிசையாகும்.

அதனால் இதில் ஒரே வழி 'சேவ் ரிசல்ட்ஸ் அஸ்' போட்டு சிஎஸ்வி (கமாவால் பிரித்த உரை ஃபைல்) எடுப்பது. அதற்கும் முன்னால் கமா உள்ள உரைகளுக்கு மேற்கோள் போடும் செட்டிங்கை இயக்க வேண்டும். அதுவும் டீஃபால்ட்டில் அணைந்தே இருக்கும். பெயரே சொல்வதுபோல் அது பிரிப்பான் உள்ள உரைக்குத்தான் உத்தரவாதம். ஆகவே வரி முறிவை க்வெரியிலேயே ஏதாவது அடையாளமாக, '¶' போன்ற குறியாக, மாற்றி எடுத்துவிட்டு, எக்செலில் ஃபைண்ட் ரிப்ளேஸ் போட்டு கன்ட்ரோல்-ஜே மூலம் திருப்பிக்கொள்வது நிம்மதி. கிரிட்டின் 65,535 வரம்பைத் தாண்டும் உரை இருந்தால் அதை எக்ஸ்எம்எல் ஆக மாற்றி எடுக்கலாம். எக்ஸ்எம்எல்லுக்கு வரம்பு 2 எம்பி, அதை 'அன்லிமிட்டெட்' என்றும் வைக்கலாம். வெட்டினால் சொல்வதில்லை. தினசரி எட்டிப் பார்க்க நல்ல கருவி, நீண்ட உரையை வெளியே அனுப்ப அல்ல.

டிபீவர்

கம்யூனிட்டி பதிப்பு இலவசம், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர் எல்லாவற்றுக்கும் ஒரே முகம். இந்த வேலைக்கு மவுஸால் செய்யும் கருவிகளில் எங்கள் முதல் தேர்வு இதுதான், மூன்று செட்டிங் சரியாக இருந்தால்.

ஒன்று, கிரிட்டில் தெரிவது 200 வரிசை மட்டும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வலது கிளிக், எக்ஸ்போர்ட் டேட்டா என்று போனால் க்வெரி மறுபடி ஓடி முழுதும் வரும். இரண்டு, ஆரக்கிள் கிளாப் போன்றவற்றுக்கு 'பைனரீஸ்' என்ற இடத்தைப் பாருங்கள். 'செட் டு நல்' என்று இருந்தால் ஃபீல்டே காலியாக வரும். 'இன்லைன்' ஆக்க வேண்டும். 'சேவ் டு ஃபைல்ஸ்' என்றால் உரை தனி ஃபைலாகப் போய், செல்லில் அதன் இடம் மட்டும் நிற்கும். சிலருக்கு உண்மையில் அதுவே தேவையாக இருக்கும். மூன்று, அவுட்புட் பக்கத்தில் யூடிஎஃப்-8 தேர்ந்து 'இன்சர்ட் பாம்' டிக் செய்வது. இந்த மூன்று பைட் முன்னொட்டு இல்லாவிட்டால், சிஎஸ்வியை இரட்டைக் கிளிக் செய்யும்போது தமிழ் முழுவதும் தலையில் கொம்பு முளைத்த லத்தீன் எழுத்துகளாகத் தெரியும். டேட்டா கெட்டுவிட்டது என்று பதறி மறுபடி எடுப்பவர்கள் ஏராளம். ஃபைல் சரிதான், திறந்த விதம்தான் தவறு.

எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகவே எடுக்கும் வசதியும் உண்டு. ஆனால் 32,767 என்பது ஃபைல் வடிவத்தின் வரம்பு. எந்தக் கருவி எழுதினாலும் அதைத் தாண்ட முடியாது. நீளம் நிச்சயமில்லாத ஃபீல்டுக்கு சிஎஸ்வியே எடுங்கள், மூலமாவது முழுசாகக் கையில் இருக்கும்.

மைஎஸ்க்யூஎல்லின் 'இன்டு அவுட்ஃபைல்'

க்வெரியின் விடையை நேராக ஃபைலில் எழுதும் கட்டளை இது. கமாண்ட் லைன் பிரியர்களுக்குப் பிடித்த வழி, எக்செலுக்குப் பிடிக்காத வழி. உள்ளே இருக்கும் மேற்கோள் குறிக்கு முன்னால் இது பின்சாய்கோடு போடும். எக்செலோ மேற்கோள் இரட்டையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். வாடிக்கையாளர் ஒரு சொல்லை மேற்கோளில் போட்ட இடத்திலேயே வரிசை சிதறும். சரி, எஸ்கேப் எழுத்தையே மேற்கோள் குறியாக்கினால்? இரட்டிப்பு சரியாக வரும், ஆனால் நல் (மதிப்பே இல்லாத ஃபீல்டு) இருக்கும் இடமெல்லாம் ஒரு மேற்கோளும் பெரிய 'என்' எழுத்துமாக விழும். மூடாத மேற்கோள் என்று எக்செல் அடுத்தடுத்த வரிசைகளை விழுங்கும். ஆகவே எஸ்கேப்பை மேற்கோளாக்கி, நல் வரக்கூடிய ஒவ்வொரு ஃபீல்டையும் இஃப்நல் போட்டு வெற்று உரையாக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் மட்டுமே பயன். ஃபைல் சர்வரில் விழும், உங்கள் மெஷினில் அல்ல; செக்யூர் ஃபைல் ப்ரிவ் என்ற சர்வர் செட்டிங் காட்டும் ஃபோல்டருக்கு வெளியே எழுதாது.

இத்தனை சர்க்கஸும் போஸ்ட்கிரெஸ்காரர்களுக்கு இல்லை. அவர்களின் கமாண்ட் லைன் கருவியான பிஎஸ்க்யூஎல்லில் பின்சாய்கோடு-காப்பி, ஃபார்மேட் சிஎஸ்வி, ஹெடர், அவ்வளவுதான். மேற்கோள் தானே இரட்டிக்கும், வரி முறிவு மேற்கோளுக்குள் பத்திரமாக இருக்கும், எதையும் வெட்டாது, ஃபைல் உங்கள் மெஷினிலேயே விழும். க்வெரியை ஒரே வரியில் எழுத வேண்டும் என்பதும் பாம் போடாது என்பதும் மட்டுமே குறை. பட்டியலில் மிகச் சுத்தமான சிஎஸ்வி இதனுடையதுதான்.

ஆக்சஸும் 255-உம்

இன்னும் யார் ஆக்சஸ் வைத்திருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். அக்கவுண்ட்ஸ் பிரிவின் ஏதாவது ஒரு மூலையில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதில் மெமோ (நீண்ட உரை) ஃபீல்டு 255-இல் வெட்டுப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் எக்ஸ்போர்ட் அல்ல, க்வெரி. டிஸ்டிங்ட், குரூப் பை, யூனியன் எதில் அந்த ஃபீல்டு நுழைந்தாலும், வரிசைகளை ஒப்பிட வேண்டியிருப்பதால் ஆக்சஸ் அதை 255 ஆக்கிவிடும். ஃபீல்டின் ஃபார்மேட் பெட்டியில் '@' போன்ற ஏதாவது இருந்தாலும் அதே கதி. குரூப் பையில் அந்த ஃபீல்டுக்கு மட்டும் 'ஃபர்ஸ்ட்' போடுங்கள், யூனியனை யூனியன் ஆல் ஆக்குங்கள், ஃபார்மேட்டைக் காலி செய்யுங்கள். எக்செல் 5, 95 வடிவத்துக்கு எக்ஸ்போர்ட் செய்திருந்தால் அந்த வடிவத்துக்கே செல்லுக்கு 255தான்.

இதன் தம்பிதான் ஏஸ் டிரைவர். எக்செலில் இருந்து திரும்ப டேட்டாபேஸுக்கு ஏற்றும்போது முதல் எட்டு வரிசையை மட்டும் பார்த்து ஃபீல்டின் வகையைத் தீர்மானிக்கும். எட்டிலும் குட்டிப் புகார்களாக இருந்தால் ஒன்பதாவதில் வரும் பெரிய புகார் 255-இல் முடியும். எத்தனை வரிசை பார்ப்பது என்பதை வைக்கும் டைப்கெஸ்ரோஸை ரெஜிஸ்ட்ரியில் 0 ஆக்கலாம்; கம்பெனி லேப்டாப்பில் அதற்கு அனுமதி கிடைக்காது. நீளத்தின்படி இறங்குவரிசையில் அடுக்கி மிக நீண்டதை மேலே வைத்துவிட்டால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

எக்செலே திறக்கும்போது

சிஎஸ்வியை இரட்டைக் கிளிக் செய்தால் 32,767-க்கு மேற்பட்ட உரை வெட்டப்படுவதில்லை, வழிகிறது: மிச்சம் அடுத்த வரிசையில் போய் விழும். அதன்பின் டிக்கெட் எண் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒருவரின் மெயில் கையெழுத்து நிற்கும். '- மூணு நாளா காவிரித் தண்ணி வரல' என்று கோடு போட்டுத் தொடங்கும் அபார்ட்மென்ட் புகாரை எக்செல் கணக்கு என்று நினைத்துப் பிழை காட்டும்; =, +, @ என்று தொடங்குபவையும் அப்படியே. வெளியாள் எழுதிய உரை ஃபார்முலாவாக ஓடுவது பாதுகாப்புக்கும் கேடு. முன்னால் ஓர் ஒற்றை மேற்கோளைச் சேர்த்து எடுப்பது வழக்கம்.

எக்செலின் டேட்டா டேப்பில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகப் போனால், அதாவது பவர் க்வெரி, இதில் பாதித் தலைவலி இல்லை. ஃபைல் ஆரிஜினில் 65001 (யூடிஎஃப்-8) தேர்ந்தால் பாம் இல்லாத தமிழும் ஒழுங்காக வரும். ஷீட்டில் இறக்கும்போது 32,767-க்கு மேல் இருப்பது சத்தமில்லாமல் போய்விடும் என்பதுதான் அதன் குற்றம். ஆனால் அதைத் தடுக்கும் மருந்தும் அதனிடமே உண்டு. 'ஸ்பிளிட் காலம்', 'பை நம்பர் ஆஃப் கேரக்டர்ஸ்', 30,000, 'ரிபீட்டட்லி'. நீண்ட உரை விவரம் 1, விவரம் 2 என்று பக்கத்துச் செல்களில் உட்கார்ந்துவிடும். 32,767 என்று சரியாக வைக்காமல் 30,000 என்று விடுவது கொஞ்சம் மூச்சுவிட இடம் வேண்டும் என்பதற்காக. வெட்டு உயிர்க்குறிக்கு முன்னால் விழுந்தால் அடுத்த செல் புள்ளிவட்டத்தில் தொடங்கும். பயப்பட வேண்டாம், ஒட்டினால் சேர்ந்துவிடும்.

மைக்ரோசாஃப்டின் வரம்புப் பட்டியலில் அதிகம் பேர் கவனிக்காத ஒன்று, ஒரு செல்லுக்கு 253 லைன் ஃபீட் (வரி முறிவு). லாக் உரையைக் கொட்டுபவர்கள் 32,767-க்கு வெகு முன்னாலேயே இதில் மோதுவார்கள். வரிசையின் உயரமும் 409 பாயின்ட்டுக்கு மேல் போகாது. ஆகவே செல்லில் அடிப்பகுதி தெரியவில்லை என்பதால் வெட்டப்பட்டது என்று முடிவுகட்ட வேண்டாம், ஃபார்முலா பாரில் பாருங்கள்.

கூகுள் ஷீட்ஸ் ஒரு செல்லுக்கு 50,000 தாங்கும், தாண்டினால் வாய்விட்டுச் சொல்லும். ஆனால் பெறுபவர் அதை எக்செலாக இறக்கினால் பழைய வரம்பு திரும்ப வந்து நிற்கும்.

பைத்தான், ஜாவா

வாராவாரம் வரும் வேலை என்றால் ஸ்கிரிப்ட்தான். இங்கே மூன்று லைப்ரரிகளின் குணம் மூன்று விதம். பைத்தானின் ஓபன்பைஎக்செல் 32,767-உடன் நறுக்கிவிட்டு வாய் திறக்காது. எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டரும் நறுக்கும், ஆனால் எழுதிய ஃபங்ஷன் -2 என்று திருப்பித் தரும். வாங்கிப் பார்ப்பவருக்குத் தெரியும். பாண்டாஸ் என்ற டேட்டா லைப்ரரி வழியாக எழுதினால் அந்த -2 உங்கள் கைக்கு வருவதில்லை. ஜாவாவின் அப்பாச்சி பாய் எழுதவே மறுத்து எக்செப்ஷன் எறியும். ராத்திரி ஓடும் ஜாப் நின்றுபோவது எரிச்சல்தான், ஆனால் நாங்கள் மார்க் போடுவது இதற்கே. பைத்தானில் எழுதுபவர்கள் செல்லில் போடும் முன் நீளம் பார்த்து, தாண்டினால் பிழை எழுப்பும் இரண்டு வரியைத் தாங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மெயிலில் இருந்து ஒட்டிய உரையில் கண்ணுக்குத் தெரியாத கன்ட்ரோல் எழுத்துகள் கிடக்கும். எக்ஸ்எம்எல்லில் அவற்றுக்கு இடமில்லை. ஓபன்பைஎக்செல் அங்கே பிழை காட்டும். இப்படிப்பட்டவற்றை அப்படியே எழுதிவிடும் கருவிகளின் ஃபைலை எக்செல் 'ரிப்பேர் செய்யவா' என்று கேட்டுத் திறக்கும். டேப், லைன் ஃபீட் தவிர 32-க்குக் கீழ்ப்பட்ட எண் கொண்ட கன்ட்ரோல் எழுத்துகளை எல்லாம் முன்னமே நீக்கிவிடுங்கள். வரி முறிவோடு வரும் கேரேஜ் ரிட்டர்னையும் சேர்த்து நீக்கினால், செல்லுக்குள் அடிக்கோடும் எக்ஸும் 000டி-யுமாக வந்து விழும் அந்த விசித்திரக் குப்பையும் வராது.

அனுப்புமுன்

எந்தக் கருவியாக இருந்தாலும் க்வெரியில் உரைக்குப் பக்கத்தில் அதன் நீளத்தையும் ஒரு ஃபீல்டாக எடுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் சார்_லெங்த், லெங்த் அல்ல. பின்னது பைட் கணக்கு, தமிழுக்கு மூன்று மடங்கு காட்டும். எஸ்க்யூஎல் சர்வரில் லென் கடைசி இடைவெளிகளை எண்ணாது. என்வார்சாருக்கு டேட்டாலெங்த்தை இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள். எக்செலில் லென் போட்டு, டேட்டாபேஸ் சொன்ன நீளத்தில் இருந்து கழியுங்கள். பூஜ்யம் என்றால் அனுப்பலாம். மீதி நேர்மறையாக வந்தால் ஏதோ தொலைந்திருக்கிறது. சின்ன மீதி என்றால் கேரேஜ் ரிட்டர்ன் உதிர்ந்திருக்கலாம், வரி எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பெரிய மீதி என்றால் வெட்டு. மேலே சொன்ன எண்களில் எது என்று தேடுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் இருந்து எடுத்ததில் மீதி எதிர்மறையாக வந்தால் வாடிக்கையாளர் இமோஜி போட்டிருக்கிறார்: டேட்டாபேஸ் அதை ஒன்று என்று எண்ணும், எக்செல் பொதுவாக இரண்டு என்று எண்ணும்.